தன்னை மீறி வாயில் வரும் வசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2026 பிப்ரவரி 22 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பிரிட்டிஷ் திரைத்துறையின் பாஃப்டா திரைப்பட விருது விழா நடந்தது. மைக்கேல் பி. ஜோர்டன், டெல்ராய் லிண்டோ என்ற இரண்டு கறுப்பின நடிகர்கள் விருது அறிவிக்க மேடையில் நின்றுகொண்டிருந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு குரல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்களிலேயே மிக மோசமான சொல்லைக் கத்தியது. குரல் ஜான் டேவிட்சனுடையது. ஸ்காட்லாந்துக்காரர், டூரெட் நோய்க்குறி உள்ளவர். அவருடைய வாழ்க்கையை வைத்து எடுத்த படமும் அன்று விருதுப் பட்டியலில் இருந்ததால்தான் அவருக்கு அழைப்பு. அந்த இரவுக்குப் பிறகு என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் பலர் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் தங்கை மகனுக்கு இந்த நோய்க்குறி இருப்பதால் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

டூரெட் என்றால் என்ன?

மூளை நரம்பு சார்ந்த ஒரு நிலை. உடல் தானாக வெட்டி இழுக்கும், கண் சிமிட்டும், தோள் குலுங்கும். குரலும் தானாக வரும்: கனைப்பு, உறுமல், சில நேரம் முழுச் சொல். இந்த அசைவையும் ஓசையையும் மருத்துவர்கள் ‘டிக்’ என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குத் தனிப்பெயர் கிடையாது, ‘அந்தப் பழக்கம்’ என்றுதான் சொல்வோம். பெயரிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. பழக்கம் என்றால் அடித்துத் திருத்தலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

பெரும்பாலும் 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் தொடங்கும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும், பிறகு பலருக்குக் குறையும். சிலருக்குக் குறையாது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

இது உள்ள எல்லோரும் கெட்ட வார்த்தை பேசுவார்களா?

இல்லை. பத்துப் பேரில் ஒருவர், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். அந்த அறிகுறிக்குக் காப்ரோலாலியா என்று பெயர். திரைப்படங்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் இந்த ஒன்றையே பிடித்துக்கொண்டதால், டூரெட் என்றாலே வசை என்று ஆகிவிட்டது. கனைப்பும் கண் சிமிட்டலும் மட்டும் உள்ள பெரும்பான்மையோருக்கு இது பெரிய எரிச்சல்.

உள்ளத்தில் இருப்பதுதானே உதட்டில் வரும்? அந்த எண்ணம் இல்லாமலா அந்தச் சொல் வந்தது?

கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் முதலிடம். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, நம் அன்றாட அனுபவம் அப்படி. கோபத்தில் வாய் தவறினால் ‘இப்போதுதான் உன் மனதில் இருந்தது வெளியே வந்தது’ என்போம். குடித்துவிட்டு உளறினாலும் அதே தீர்ப்புதான். டூரெட்டுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

ஒரு பழைய கதை. 1825-இல் ஈட்டார் என்ற மருத்துவர் பாரிஸ் நகரத்துப் பிரபு குடும்பத்துப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். நயமாகப் பேசக் கற்றவர், உயர்குடி விருந்துகளில் உரையாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஆபாசச் சொல்லைக் கத்திவிடுவார். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம்: எந்தச் சொல் மிகவும் அருவருப்பானதோ அதைச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வருகிறது, அந்தப் பயமே அந்தச் சொல்லை நாக்கு நுனியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. 200 ஆண்டுகள் கழித்தும் இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

அதாவது, அந்த மூளை தேடுவது ‘நான் என்ன நம்புகிறேன்’ என்பதை அல்ல, ‘இந்த இடத்தில் எதைச் சொல்லவே கூடாது’ என்பதை. டேவிட்சன் 2019-இல் அரச விருது வாங்கப் போனபோது அரசியைத் திட்டிக் கத்தினார். விருது வாங்கப் போனவருக்கு அரசிமேல் என்ன பகை? பாஃப்டா அரங்கிலும் அன்று வசை வாங்கியவர்கள் அந்த இரண்டு நடிகர்கள் மட்டுமல்ல. வாய்பேசாமல் சைகை மொழியில் பேசுபவர்களுக்கு டூரெட் இருந்தால், ஆபாசம் கையில் சைகையாக வந்ததையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் இதில் இன்னொரு பாதியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. அந்தச் சொல் வானத்திலிருந்து விழவில்லை. யாரும் ஆயுதமாகப் பயன்படுத்தாத சொல் வசை டிக்காக வராது. அடிமை வணிகமும் அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளும் கூர்தீட்டி வைத்த சொல் அது, ஊரில் எல்லோருடைய தலையிலும் கிடக்கிறது. டேவிட்சனின் தலையிலும் கிடந்தது, அவருக்கு மட்டும் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ‘அந்தச் சொல் எங்கிருந்தோ வந்தது’ என்று கறுப்பினத்தவர் சொல்வது சரி. ‘ஆகவே அவர் இனவெறியர்’ என்று அடுத்த அடி வைக்கும்போதுதான் தவறுகிறது.

கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ள முடியாதா?

சிலரால், சில நேரம், சில நிமிடம் முடியும். அதற்கு விலை உண்டு.

தங்கை மகனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் தொடங்கியது. பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கண் மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். பிறகு கனைப்பு வந்தது, பள்ளியில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அவன் அடக்கக் கற்றுக்கொண்டான். மாலை நான்கரைக்கு வீட்டுக்கு வருவான். ஷூவைக்கூடக் கழற்றாமல், பையைக் கூடத்தில் போட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வான். பக்கெட்டில் தண்ணீரைத் திறந்து விடுவான், எங்களுக்குக் கேட்கக்கூடாதாம். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். காலை முதல் சேர்த்து வைத்த அத்தனையும் பதினைந்து இருபது நிமிடம் ஒன்றன்மேல் ஒன்றாக. வெளியே வரும்போது முகம் கழுவியிருப்பான், காபி கேட்பான். அவனுக்கு வந்தவை வெறும் கனைப்பும் உறுமலும்தான். வசையாக இருந்திருந்தால் அந்தப் பள்ளி அவனை எத்தனை நாள் வைத்திருக்கும்?

மருத்துவம் இருக்கிறது. டிக் வரப்போகும் உந்துதலை உணர்ந்து அதற்கு எதிரான அசைவைப் பழக்கும் நடத்தைப் பயிற்சி பலருக்கு உதவுகிறது. மருந்துகளும் உண்டு, தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற தொல்லைகளோடு. எதுவும் முற்றாக நிறுத்துவதில்லை. பதற்றம் கூடினால் டிக்கும் கூடும். கேமராக்கள், ஆயிரக்கணக்கான கண்கள், வாழ்நாளின் மிகப் பெரிய இரவு: டேவிட்சனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நோக்கமே இல்லை என்றால், காயமும் இல்லைதானே? கேட்டவர்கள் பெரிதுபடுத்தாமல் விட்டிருக்கலாமே?

பஸ்ஸில் ஒருவருடைய கால் தெரியாமல் உங்கள்மேல் பட்டுவிடுகிறது. அவர் என்ன செய்கிறார்? உங்களைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நீங்கள் ‘பரவாயில்லை’ என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் தெரியும், அது வேண்டுமென்று செய்ததல்ல. அப்படியும் அந்தச் சைகை நடக்கிறது. ‘நான் நினைத்துச் செய்யவில்லை, ஆகவே உனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நாம் அவரை என்னவென்று நினைப்போம்? குற்றம் வேறு, படுதல் வேறு என்று நம் கைக்கே தெரிந்திருக்கிறது.

அந்த இரண்டு நடிகர்களும் ஒரு கணம் நின்று, அறிவிப்பைத் தொடர்ந்து முடித்தார்கள். அந்தக் கணத்தில் அவர்களுக்கு என்ன தெரியும்? இருட்டில் ஒரு குரல், அந்தச் சொல். கத்தியது யார், ஏன் என்று விளக்கும் அறிக்கை காதில் முதலில் விழுவதில்லை, சொல்தான் விழுகிறது. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்த்தால் புரிந்துகொள்வது எளிது. ஒரு பாராட்டு விழா மேடையில் தலித் எழுத்தாளர் ஒருவர் நிற்கிறார். கூட்டத்திலிருந்து அவருடைய சாதியைச் சொல்லி ஒரு வசை வருகிறது. ‘பாவம், அவருக்கு ஒரு வியாதி’ என்று பிறகு காதோடு சொல்கிறார்கள். எழுத்தாளர் புரிந்துகொள்வார், மன்னிக்கவும் செய்வார். ஆனால் சிறுவயதில் டீக்கடை வாசலில் கேட்ட அதே சொல் அன்று இரவு அவரோடு வீட்டுக்குப் போகும். புரிந்துகொள்வதும் வலிப்பதும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

அப்படியானால் மன்னிப்புக் கேட்க வேண்டியது யார்?

இங்கேதான் விவாதம் முழுக்கத் தடம் புரண்டது. ஒரு பக்கம் டேவிட்சனை மண்டியிடச் சொன்னார்கள். மறுபக்கம் அந்த நடிகர்களைப் பெருந்தன்மை காட்டச் சொன்னார்கள். நடுவில் இருந்த மூன்றாவது ஆள் மெல்ல நழுவிவிட்டார்: விழா நடத்தியவர்.

டேவிட்சனுக்கு டூரெட் என்பது அழைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தானே படமே வந்தது. 1989-இல், அவர் பதின்ம வயதில் இருந்தபோதே, பிபிசி அவரைப் பற்றி ஆவணப்படம் ஒளிபரப்பியிருக்கிறது. எதிர்பாராத விபத்து என்று யாரும் சொல்ல முடியாது. விழாவைத் தொகுத்து வழங்கிய ஆலன் கம்மிங் மேடையிலேயே விளக்கமும் சொன்னார், வருத்தமும் தெரிவித்தார். ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்ற வகையில். அந்த ‘இருந்தால்’ நமக்குப் பழக்கமான சொல்தான், நம் அரசியல்வாதிகள் வாரம் ஒரு முறை அதை எடுத்து வீசுகிறார்கள். எதிரே நிற்கும் இரண்டு பேரைப் பார்த்து அந்தச் சொல் கத்தப்பட்ட பிறகு ‘இருந்தால்’ எதற்கு? விழாவுக்குப் பின் அமைப்பிலிருந்து யாராவது எங்களோடு பேசியிருக்கலாம் என்பதுதான் லிண்டோ வெளிப்படுத்திய ஆதங்கம். எவ்வளவு சிறிய எதிர்பார்ப்பு பாருங்கள்.

டேவிட்சன் தானாகவே எழுந்து அரங்கை விட்டுப் போய்விட்டார். தன் டிக்குகளை வேண்டுமென்று சொன்னதாக யாராவது எடுத்துக்கொண்டால் கூனிக்குறுகிப் போவதாகப் பின்னர் அறிக்கை விட்டார். வருத்தம் என்பது அவரிடம் யாரும் கேட்டு வாங்க வேண்டிய பொருள் அல்ல, ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் சிறுவயது முதல் தெருவுக்குத் தெரு அதைச் சுமந்துகொண்டு போகிறவர்.

பிபிசி என்ன செய்தது?

நிகழ்ச்சி நேரலை அல்ல. சுமார் இரண்டு மணி நேரம் தாமதித்துத்தான் ஒளிபரப்பானது. அந்த இரண்டு மணி நேரத்தில் அந்தச் சொல் வெட்டப்படவில்லை, மறுநாள் வரை இணையத்திலும் இருந்தது. பிறகு நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். இதில் நான் நீளமாக எழுத ஒன்றுமில்லை. அரங்கில் கேட்டது டூரெட், நாடு முழுவதும் கேட்டது கவனக்குறைவு.

அவரை அழைக்காமலே இருந்திருக்கலாமே? வீட்டிலிருந்து பார்த்திருக்கலாமே?

ஜெஸ் தாம் என்ற ஆங்கிலேய மேடைக் கலைஞருக்கு டூரெட் உண்டு. ‘பிஸ்கட்’ என்ற சொல் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை அவர் வாயில் வரும். ஒருமுறை ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போனார். முன்கூட்டியே சொல்லிவைத்துத்தான் போனார், நிகழ்த்துபவரும் பார்வையாளர்களுக்கு விளக்கினார். அப்படியும் இடைவேளையில் புகார் வந்தது, அவரை ஒலிக் கட்டுப்பாட்டு அறைக்குள் போய் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார், இனி நாடகக் கொட்டகைப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தார். பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்: எழுந்து போகச் சொல்ல முடியாத ஒரே இடம் மேடைதான் என்று கண்டுபிடித்து, 2014-இல் எடின்பரோ விழாவில் தன் சொந்த நிகழ்ச்சியோடு ஏறினார்.

‘வீட்டிலிருந்து பாருங்கள்’ என்பதும் ஒலி அறைதான். ஆனால் ஒன்று: ‘பிஸ்கட்’ யாரையும் குத்தாது. 2023-இல் கிளாஸ்டன்பரி இசை விழாவில் டூரெட் உள்ள ஸ்காட்லாந்துப் பாடகர் லூயிஸ் கபால்டிக்கு டிக்குகளோடு குரலும் போய்ப் பாட முடியாமல் நின்றபோது, கூட்டம் முழுவதும் அவருக்காகப் பாடி முடித்தது. கண்கலங்க வைக்கும் காட்சி. தோள் குலுங்கும்போது ஆதரவு தருவது எளிது. அந்தச் சொல் வரும்போதும் அழைப்பு செல்லுமா என்பதுதான் சோதனை, செல்ல வேண்டும் என்பதே என் நிலை. அழைப்போடு சேர்ந்து வேலையும் உண்டு. மேடையேறப் போகிற ஒவ்வொருவரிடமும், குறிப்பாக அந்தச் சொற்கள் குறிவைக்கும் மக்களிடம், முன்கூட்டியே நேரில் சொல்ல வேண்டும், ‘என்ன வந்தாலும் வரலாம்’ என்று மழுப்பாமல். எங்கே உட்கார்ந்தால் வசதி, எப்போது வெளியே போய் மூச்சு விடலாம் என்று டேவிட்சனிடமே கேட்க வேண்டும். நடந்துவிட்டால் யார் ஓடிப்போய் அவர்களோடு நிற்பது என்று ஒருவரை நியமிக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் போடுவதைவிடச் சிறிய வேலை.

அன்றாட வேலையிடத்தில் இது எப்படி?

ஒரு இரவு விழாவைவிட இதுதான் கடினம். அமெரிக்காவில் இரண்டு வழக்குகள் அறியத்தக்கவை. ஜார்ஜியா மாநிலத்தில் க்ரோகர் மளிகைக் கடையில் வேலை பார்த்தவருக்கு இனவசையும் டிக்காக வந்தது. வேலை போனது, 2003-இல் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. கடைகளுக்குக் குளிர்பானம் கொண்டுசெல்லும் ஊழியர் ஒருவரை, அதே காரணத்துக்காக, வாடிக்கையாளர் முகம் பார்க்காத கிடங்கு வேலைக்கு மாற்றினார்கள். 2024-இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனம் செய்தது சரி என்றது.

படிக்கும்போது ஒலி அறைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கிடங்கும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இடம்தானே. ஆனால் அந்தக் கடையில் கல்லாவில் நிற்கும் கறுப்பினப் பெண்ணையும் நினைக்க வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு முறை அந்தச் சொல், அவளாலும் எழுந்து போக முடியாது, அவளுக்கும் அது வேலை. விழாவில் ஒரு முறை கேட்பதும் பிழைப்புக்கு நிற்கும் இடத்தில் ஆண்டு முழுக்கக் கேட்பதும் ஒன்றல்ல. என் மனம் டேவிட்சன் விஷயத்தில் தெளிவாக நின்றது போல இங்கே நிற்கவில்லை. கிடங்குக்கு அனுப்பும் முன் வேறு வழிகளைத் தேடினார்களா, கல்லாவில் நிற்பவளிடம் யாராவது கேட்டார்களா என்று மட்டும் பார்ப்பேன்.

பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. மாற்றுத்திறனாளிக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்யச் சொல்வதும் அதுதான், துன்புறுத்தல் என்பதை நோக்கத்தால் மட்டுமல்ல, விளைவாலும் அளக்கலாம் என்பதும் அதுதான். சட்டம் எழுதியவர்களுக்கு இந்த முடிச்சு தெரிந்திருக்கிறது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் டூரெட் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை, சான்றிதழுக்கு அலையும் குடும்பங்களுக்கு இதுவே முதல் சுவர். மறுபக்கத்தில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு உட்பிரிவு ‘வேண்டுமென்றே’ இழிவுபடுத்துவதைக் குறிக்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவு, ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இல்லாமலே, பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது.

நடித்து ஏமாற்றினால்?

‘எனக்கும் டூரெட்’ என்று சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் திட்டலாமே என்கிறார்கள். இப்படிக் கேட்பவர்கள் டிக்கைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அது சிறுவயதில் தொடங்கியிருக்கும், சொல்லோடு கண், கழுத்து, தோள் எல்லாம் சேர்ந்திருக்கும். வருவது பெரும்பாலும் சின்னச் சொல், பேச்சின் நடுவே வெட்டி விழும், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். காரணம் காட்டி, வாக்கியம் அமைத்து, எதிர்வாதம் செய்து திட்டுகிறவனுக்கு இருப்பது வேறு நோய்.

கறுப்பினத்தவரா, மாற்றுத்திறனாளியா, யார் பக்கம் நிற்பது?

டூரெட் உள்ள கறுப்பினத்தவர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் முன்னால் கேட்டுப் பாருங்கள். தெருவில் தன்னை மீறிக் கை வெட்டி இழுக்கும்போது எதிரே போலீஸ்காரர் நின்றால் என்ன ஆகும் என்று அஞ்சுவதும் அவர்தான், டூரெட் உள்ள வேறொருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்பதும் அவர்தான்.

என் பக்கத்தில் இப்படி ஒருவர் கத்திவிட்டால் நான் என்ன செய்வது?

திரும்பி முறைக்காதீர்கள், சிரிக்காதீர்கள், ‘அடக்கிக்கொள்’ என்று சொல்லாதீர்கள். சொன்னால் இன்னும் கூடும். பேச்சைத் தொடருங்கள். அந்தச் சொல் உங்களைக் குறிப்பதாக இருந்தால், எழுந்து போக உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, யாரும் உங்களிடம் பெருந்தன்மைக் கணக்குக் கேட்கக்கூடாது. உங்களைக் குறிக்காமல் பக்கத்தில் இருப்பவரைக் குறித்தால், அவர் பக்கம் திரும்பி ‘பரவாயில்லையா?’ என்று கேளுங்கள். கத்தியவரைச் சமாதானப்படுத்த நாலு பேர் ஓடுவார்கள். கேட்டவரிடம் போக ஆள் இருக்காது.

அந்தச் சொல்லை இந்தப் பதில்களில் ஒரு இடத்தில்கூட எழுதவில்லையே, ஏன்?

எனக்கு டூரெட் இல்லை.